திரையில் நம் மலைகள்

திரைப்படத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு திறத்தினர். ஒரு திறத்தார் கதையைச் சுருக்கிச் சொல்லி, நடிகரைப் புகழ்ந்து, பாட்டைப் பாராட்டி, 'குடும்பத்தோடு கண்டு களிக்கலாம்' என்று முடிப்பர். மற்றொரு திறத்தார் கமெரா எங்கே நின்றது, ஒளி எப்புறமிருந்து விழுந்தது என்று கலை நுணுக்கங்களை ஆராய்வர். இருவர் உழைப்பும் வேண்டியதே. ஆயினும் மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. ஒரு படத்திலே பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார், பேசுபவர் யார், பேசாதிருப்பவர் யார் என்பதே அக்கேள்வி. நாம் இங்கே கேட்கப் புகுவது அதனையே.

நாம் திரைத்துறையைச் சேர்ந்தவரல்லோம். பேராதனையில் தமிழ் பயின்று, கண்டி நகரை அடுத்த ஒரு பாடசாலையில் இடைநிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகின்றோம். நம் மாணாக்கரிற் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருவோர். சிலர் நகரத்துக் கடைகளிலே வேலை பார்ப்போரின் பிள்ளைகள். கடந்த ஓராண்டுக் காலத்தில் மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் புதியனவும் பழையனவுமாகச் சில படங்களைப் பார்த்தோம். கட்டணம் செலுத்தி இணையவழித் திரைமேடைகளிற் கண்டவை சில. எவரும் காணுமாறு இணையத்தில் வைக்கப்பட்டிருப்பவை சில. நண்பர் தந்து உதவியவை சில. இவற்றை ஏன் தேடிப் பார்த்தோம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

பத்தாம் வகுப்பு மாணாக்கரிடம், 'நான் விரும்பும் திரைப்படம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தோம். எல்லோரும் உற்சாகமாகவே எழுதினர். சென்னையின் கதை வந்தது. மதுரையின் கதை வந்தது. துப்பாக்கி ஏந்திய வீரர் வந்தனர். ஆனால் எழுதிய பிள்ளைகளைப் போன்ற ஒரு மனிதர் அக்கட்டுரைகளில் ஒன்றிலேனும் வரவில்லை. இதனை வகுப்பிலே எடுத்துச் சொன்னபோது, மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், நம்ம தோட்டத்த வச்சு யாருமே படம் புடிக்கலையா?" என்று கேட்டாள். நாம் விடை சொல்லுமுன், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "படம் புடிக்க இங்க என்னா இருக்கு?" என்றான். வகுப்பு சிரித்தது.

அந்தச் சிரிப்பு நகைச்சுவையிற் பிறந்த சிரிப்பன்று. தன் வீட்டையும் தன் தாயின் தொழிலையும் சொல்லத் தகாதவை என்று எண்ணக் கற்றுக்கொண்ட பிள்ளைகளின் சிரிப்பு அது. முகவரி எழுதச் சொன்னால் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு 'கண்டி' என்று மட்டும் எழுதுகின்ற பிள்ளைகளை நாம் அறிவோம். இந்த வெட்கம் இயற்கையாய் வந்ததன்று, ஊட்டப்பட்டது. ஊட்டிய கைகள் பலவற்றுள் திரையும் ஒன்று என்பது நமது துணிபு.

இவர்கள் எப்படிப் படம் பார்க்கின்றனர் என்பதையும் வாசகர்கள் அறிதல் வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்னே தோட்டத்து மக்கள் சம்பள நாளை அடுத்த ஞாயிறன்று நகரத்துக் கொட்டகைக்குச் சென்றனர். இன்று கைத்தொலைபேசியே கொட்டகை. லயத்துக் காம்பராவிலே, கையகலக் கண்ணாடியைச் சுற்றி நால்வர் ஐவர் குந்தியிருந்து பார்க்கின்றனர். ரீலோட் முடிந்தால் படமும் முடிந்தது. முழுப் படம் காண்பதைவிடச் சண்டையும் பாட்டுமாக வெட்டியெடுத்த துண்டுகளைக் காண்பதே மிகுதி. இந்த நிலையிலே மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கும் படங்கள் யாருக்காக எடுக்கப்படுகின்றன என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மாணவியின் கேள்விக்கு விடை, 'படம் பிடித்திருக்கின்றார்கள்' என்பதேயாம். நம் மலைகளைப் போலப் படம் பிடிக்கப்பட்ட மலைகள் ஆசியாவிற் சிலவே. பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் 1934-ஆம் ஆண்டில் ஆக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் ஆவணப்படத்திலிருந்தே தொடங்கலாம். ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடும் இப்படத்தை ஆவணப்பட இயக்கத்தின் தந்தை எனப்படும் ஜோன் கிரியர்சன் தயாரித்தார். பொருளுதவி செய்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. 1935-இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவிலே முதற் பரிசு பெற்ற இப்படத்தை உலகத் திரைக் கல்லூரிகள் இன்றும் பாடமாகக் காட்டுகின்றன.

இதன் அழகை நாம் மறுக்கவில்லை. சிவனொளிபாதமலை ஏறும் அடியார் கூட்டமும், கண்டி நடனக்காரரின் கால்வீச்சும், மலையிடையே வளைந்து செல்லும் புகைவண்டியும் கண்ணைவிட்டு அகலாதவை. பின்னணியில் ஒலிக்கும் குரல் இலங்கையின் புகழ்பெற்ற கலைஞர் லயனல் வென்டினுடையது. அவர் வாசிப்பதோ, கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி எழுதி, 1681-இல் இலண்டனில் வெளியான நூலின் பகுதிகள்.

இங்கேதான் நுணுகிப் பார்த்தல் வேண்டும். சொல் 1681-க்கு உரியது. காட்சி 1934-க்கு உரியது. இரண்டிற்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு கிடக்கின்றது. அந்த இடைவெளியிலேதான் 1820-களில் கோப்பிப் பயிர் வந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். வழியில் இறந்தவர்க்குக் கணக்கில்லை. கோப்பி நோயால் அழிந்தது. 1867-இல் கண்டியை அடுத்த லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். இவையாவும் நொக்ஸின் நூலில் இருக்க வழியில்லை, படத்திலும் இல்லை. 'வாணிபத்தின் குரல்கள்' என்று ஒரு பகுதியே படத்தில் உண்டு. அங்கே இலண்டன் சந்தையின் குரல் கேட்கின்றது. தந்தியின் ஒலி கேட்கின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் குரல் கேட்கவில்லை. தேயிலையை விற்பதற்கென்றே எடுத்த படத்திலே தேயிலையைப் பறித்தவள் ஊமையாக நிற்கின்றாள். பழமையின் அழகு என்னும் திரைக்குப் பின்னே உழைப்பின் வரலாறு மறைந்து போயிற்று. காசு கொடுத்தவரின் நோக்கத்தை மீறிக் கலைஞன் சில இடங்களில் வாணிபத்தை எள்ளுகின்றான் என்பது உண்மையே. ஆயினும் அந்த எள்ளலும் ஊமைக்கு வாய் கொடுத்துவிடவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஹொலிவூட் நம் வாசலுக்கே வந்தது. 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' என்னும் படத்தின் கிராமக் காட்சிகளைக் கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலும், தொங்கு பாலக் காட்சியை விக்டோரியா அணைக்கட்டு எழுந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கிலும் எடுத்தனர். படப்பிடிப்புத் தொடங்கியது 1983 ஏப்பிரல். படம் வெளிவந்தது 1984. கதைப்படி அது ஓர் இந்தியக் கிராமம். அங்குள்ளோர் பேசுவதோ சிங்களம். குழந்தைகளைப் பறிகொடுத்த அக்கிராமத்தை மீட்பதற்கு வெள்ளைக்கார வீரர் ஒருவர் வானத்திலிருந்து வந்து குதிக்கின்றார். அந்த மலையிலே உண்மையாகவே வாழ்ந்திருந்த மக்களைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஏப்பிரலிலே படக் கமெராக்கள் வந்த இந்நாட்டில் அதே ஆண்டு யூலையில் என்ன நடந்தது என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நெருப்பிலே ஹெந்தளையில் இருந்த, தமிழருக்குச் சொந்தமான விஜயா ஸ்ரூடியோவும் அதனுள் இருந்த படச்சுருள்களும் எரிந்தன. சிங்களத் திரைக்கலையின் சொத்தும் அங்கேதான் இருந்தது. இனவெறி தன் வீட்டுப் பெட்டகத்துக்கே தீ வைத்தது.

இனித் தமிழ்ப் படத்துக்கு வருவோம். பாலாவின் 'பரதேசி' 2013-இல் வந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டானியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவலைத் தழுவியது. இரா. முருகவேள் அந்நாவலை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். பஞ்சத்தால் வாடும் ஊருக்குக் கங்காணி வருகின்றான்; இனிக்க இனிக்கப் பேசுகின்றான்; ஊரே எழுந்து நடக்கின்றது. அந்த நெடும்பயணத்தில் விழுந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் நகரும் காட்சியை எவரும் எளிதில் மறக்க இயலாது. மலை வேறாயினும் கதை நம்முடையதே. கங்காணியின் கடன் கணக்கு எவ்வாறு தீராத கணக்காகின்றது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படம் வேறில்லை.

ஆயினும் இப்படத்தோடு நமக்கு ஒரு வழக்குண்டு. அடிபடுகின்றனர், அழுகின்றனர், மறுபடியும் அடிபடுகின்றனர். எதிர்த்து நிற்கும் ஒருவனை, கூடிப் பேசும் பத்துப் பேரை, கேள்வி கேட்கும் ஒரு பெண்ணைத் தேடித் தேடிக் கண் சலிக்கின்றது. நாவலாசிரியர் மருத்துவர் மட்டுமல்லர், தொழிலாளரை ஒன்றுசேர்த்தவருங்கூட. திரையிலோ அவருடைய நிழலாக வரும் மருத்துவர் மதம் பரப்புவதற்காக ஆடிப்பாடும் கோமாளியாகி விடுகின்றார். துன்பத்தை மட்டும் காட்டுவது யதார்த்தம் ஆகாது. கண்டிக்கு அண்மையில், ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டத்திலே 1940 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். கூலி கேட்டதற்காகக் குண்டு வாங்கிய அந்த மனிதரைப் பற்றி எந்தத் திரையில் கண்டோம்? அழுத மக்களைக் காட்டுவதற்குக் கலைஞர் இருக்கின்றனர். எழுந்த மக்களைக் காட்டுவதற்குத்தான் பஞ்சம்.

அடுத்து, சிங்களக் கலைஞர் பிரசன்ன விதானகேயின் இரு படங்கள். முதலாவது 2012-இல் வந்த 'ஒப நத்துவா ஒப எக்க'. தமிழில் 'பிறகு' என்று பெயர் பெற்றது. தொஸ்தோயெவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவிய இப்படம் மலைநாட்டுச் சிறு நகரொன்றிலே நிகழ்கின்றது. அடகுக் கடைக்காரர் ஒரு சிங்களவர். நகையை அடகு வைக்க வருபவள் செல்வி என்னும் தமிழ்ப் பெண். இருவரும் மணந்துகொள்கின்றனர். கணவர் முன்னே இராணுவத்தில் இருந்தவர் என்பது அவளுக்குப் பின்பே தெரிய வருகின்றது. துப்பாக்கி முழக்கம் ஒன்றும் இல்லாமலே, ஒரு வீட்டின் நான்கு சுவருக்குள் ஒரு நாட்டின் போர் முழுவதும் வந்து நிற்கின்றது. மன்னிப்பு என்பது கேட்பவரின் வசதிக்கன்று, கொடுப்பவரின் புண்ணுக்கு ஏற்பவே அமையும் என்பதை இப்படம் உணர்த்துகின்றது.

இரண்டாவது 'பரடைஸ்'. 2023-இல் புசான் விழாவிலே கிம் ஜிசோக் விருது பெற்றது. காலம் 2022 யூன்; நாடு எரிபொருளின்றி வரிசையில் நின்ற காலம். கேரளத்துத் தம்பதியர் கேசவும் அமிர்தாவும் திருமண நாளைக் கொண்டாட நம் மலைநாட்டுக்கு வருகின்றனர். நாடு பட்டினி கிடக்கும்போது அவர்களுக்கு மட்டும் எல்லாம் கிடைக்கின்றன. இராமாயணத் தலங்கள் என்று காட்டப்படும் இடங்களைச் சுற்றி வருகின்றனர். ஓரிரவு அவர்களுடைய அறையிலே கொள்ளை நிகழ்கின்றது. கேசவ் பொலிசாரை நெருக்குகின்றார். நெருக்குதல் தாளாத பொலிசார் தோட்டத்துத் தமிழ் இளைஞர் சிலரைப் பிடித்து வந்து நிறுத்துகின்றனர். கேசவ் கைநீட்டி, 'இவர்கள்தாம்' என்று சொல்லிவிடுகின்றார். அந்தக் கைநீட்டலுக்குப் பின் ஓருயிர் பொலிசாரின் பிடியிலே போய்விடுகின்றது. அப்பால் நிகழ்வதை வாசகர்கள் படத்திலேயே காண்க.

இதனைக் காணும்போது தமிழில் 2021-இல் வந்த 'ஜெய் பீம்' நினைவுக்கு வருதல் இயல்பு. அதுவும் பொலிஸ் காவலிலே உயிர் நீத்த ஏழையொருவரின் கதை. 1993-இல் தமிழ்நாட்டில் நிகழ்ந்த உண்மைச் சம்பவத்தை அடியாகக் கொண்டது. அங்கே சந்துரு என்னும் வழக்கறிஞர் வந்து நீதியைப் பெற்றுத் தருகின்றார். நம் மாணாக்கர் அப்படத்தைக் கொண்டாடினர். சிலர் வழக்கறிஞர் ஆகவேண்டும் என்றும் சொன்னார்கள். அது நல்ல விளைவே. 'பரடைஸ்' அத்தகைய ஆறுதல் எதனையும் தரவில்லை. அங்கே மீட்பர் வருவதில்லை. குற்றம் பொலிசாரிடம் மட்டுமா, கைநீட்டியவனிடம் இல்லையா, அழகிய மலையைப் பார்க்க வந்து அம்மலையிலுள்ள மனிதனைப் பார்க்க மறுத்தவனிடம் இல்லையா என்று அது கேட்கின்றது. பார்ப்பவன் நல்லவன் பக்கம் நின்று கைதட்டிவிட்டு எழுந்து போக இடமில்லை. நமது மதிப்பில் இதுவே கடினமான நேர்மை.

எனினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் தகாது. இப்படத்திலும் தோட்டத்து இளைஞர்கள் அடிபடுவதற்கே வருகின்றனர். அவர்கள் வீட்டில் அன்று என்ன சமைத்தார்கள், அவர்கள் எதற்குச் சிரிப்பார்கள், அவர்களுக்குத் தங்கை உண்டா என்று நமக்குத் தெரிவதில்லை. பிறருடைய மனச்சாட்சியை எழுப்பும் கருவியாகவே அவர்கள் வந்து போகின்றனர். விதானகே அவர்களிடம் நமக்குப் பெருமதிப்பு உண்டு. தம் இனத்தின் பெயரால் நடந்தவற்றைத் தாமே எழுந்து நின்று கேள்வி கேட்கும் கலைஞர் அவர். நமது குறை அவர் மேலன்று. உள்ளிருந்து பார்க்கும் கண் இன்னும் பிறக்கவில்லையே என்பதே குறை.

இவரது 'பிறகு' 2014-இல் சென்னையிலே திரையிடப்பட்டபோது, சிங்களவர் எடுத்த படம் என்று மிரட்டல் எழுந்தது. திரையரங்குகள் படத்தை எடுத்துவிட்டன. யூட் இரத்தினம் என்னும் தமிழர் எடுத்து, 2017-இல் கான் விழாவிலே காட்டப்பட்ட ஆவணப்படம் 'டீமன்ஸ் இன் பரடைஸ்'. இது 1983-இன் கொடுமையோடு தமிழ் இயக்கங்கள் தம்முள் நிகழ்த்திய கொலைகளையும் பேசுகின்றது. 2018-இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலே காட்டப்பட இருந்த இப்படம், எதிர்ப்பினால் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. ஒன்று, 'எதிரி எடுத்தான்' என்று தடுக்கப்பட்டது. மற்றொன்று, 'நம்மவன் நம்மைச் சொன்னான்' என்று தடுக்கப்பட்டது. இரண்டாவது படத்தின் அரசியலோடு நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. அரசின் வன்முறைக்குத் தரவேண்டிய நிறையை அது தரவில்லை என்றே கருதுகின்றோம். ஆனால் அதனைச் சொல்வதற்கேனும் படத்தைக் காணவேண்டுமல்லவா? காணாமலே கண்டிப்பது விமர்சனமாகாது. 'த ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பகுதிக்கு 2021-இல் தமிழ்நாட்டு அரசு தடை கேட்டபோதும் நமது எண்ணம் இதுவே. ஈழத்துப் போராளியைப் பயங்கரவாதி என்னும் ஒற்றைச் சொல்லால் அளந்துவிட்ட அத்தொடர் கண்டனத்துக்கு உரியது. அதற்கு விடை வேறொரு கலை, பூட்டு அன்று.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 2020-இல் தீபா மேத்தா ஆக்கிய 'ஃபனி போய்' ஷியாம் செல்வதுரையின் நல்ல நாவலை அடியாகக் கொண்டது. ஆனால் முதன்மைத் தமிழ்ப் பாத்திரங்களைத் தமிழரல்லாதார் நடித்தமையால், படத்திலே தமிழ் நொண்டுகின்றது. 2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' வேறு வகை. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்து சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பம் அது. தம் பேச்சே தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சுகின்றனர். படத்திலுள்ள அன்பு மெய்யானது. அயலார் உறவாகும் காட்சிகள் நெஞ்சைத் தொடுகின்றன. நம் மாணாக்கர் சிரித்துக் கொண்டே கண்ணைத் துடைத்தனர். ஆனால் தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களிலே பல்லாண்டுகளாகக் குடியுரிமையின்றி இருப்போரின் கதை இதனினும் கடினமானது. அம்முகாம்களில் மலையகத்தை வேராகக் கொண்டோரும் பலர். நல்ல அயலாரால் மட்டும் தீரக்கூடியதன்று அவர்கள் துன்பம். சட்டத்தால் வந்தது சட்டத்தாலேயே தீரவேண்டும்.

மற்றொன்று. இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ் என்றே தமிழகத் திரை அறியும். 'அரைப்பேர்', 'பிரட்டுக்களம்', 'படங்கு', 'கணக்கப்பிள்ளை' என்று நம் தாய்மார் நாளும் வழங்கும் சொற்களுக்குத் திரையிலே இடமில்லை. முழுநாள் உழைத்தும் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாட் சம்பளம் எழுதுவதே அரைப்பேர். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு பெண்ணின் முகம் எப்படி மாறும் என்பதை எந்த நடிகை நமக்குக் காட்டியிருக்கின்றார்?

இத்தனைக்கும் நடுவே நம் வகுப்பறையிலே பெரிய மாற்றத்தை விளைத்த படம் ஒன்றுண்டு. அது 2024-இல் வந்த மாரி செல்வராஜின் 'வாழை'. திருநெல்வேலிச் சீமையிலே, பள்ளி நாட்களிற் படிப்பும் விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமத்தலுமாக வாழும் சிவனைந்தன் என்னும் சிறுவனின் கதை. இயக்குநர் தம் இளமையிலே தாம் சுமந்ததையே படமாக்கினார். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டித் தருமாறு உழைப்பவர் கேட்கின்றனர். கூட்டிக் கொடுத்த ரூபாயை வேறு வழியில் மீட்கப் பார்க்கின்றது முதலாளியின் கணக்கு. அக்கணக்கே சாவிலே முடிகின்றது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆகவேண்டும் என்று பல்லாண்டு போராடி 2021-இல் அதனைப் பெற்ற நம் தோட்டத்து மக்களுக்கு இந்த ஒரு ரூபாயின் எடையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

படத்தைப் பாடசாலையிலே, பழைய ஒளியெறிகருவி ஒன்றைக் கொண்டு சுவரிலே காட்டினோம். முடிந்தபின் வகுப்பு நெடுநேரம் பேசவில்லை. பின்பு ஒருத்தி, தான் சனிக்கிழமைகளிலே மரக்கறித் தோட்டத்துக்குச் செல்வதைச் சொன்னாள். மற்றொருவன், தன் தாய் அட்டைக் கடியோடு வந்து உப்பு வைத்துக் கழுவுவதைச் சொன்னான். அதுகாறும் எவரும் வகுப்பிலே வாய்திறந்து சொல்லாதவை அவை. சொன்னவரைப் பார்த்து எவரும் சிரிக்கவுமில்லை. 'இங்க என்னா இருக்கு' என்று முன்னே கேட்ட மாணவன் அன்று வகுப்பில் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனைப் போன்றோர் ஆண்டுதோறும் போகின்றனர். ஒரு படம் அவனை நிறுத்தியிருக்கும் என்று சொல்லும் பேதைமை நமக்கில்லை. அவனை அனுப்பியது வறுமை. ஆயினும் தன் பிறப்பிடத்தைப் பேசத் தகாத ஒன்றாக எண்ணிக்கொண்டு போவது வேறு, அதன் வரலாற்றை அறிந்துகொண்டு போவது வேறு. இரண்டாமவன் கொழும்பிலே ஏமாற்றப்படும்போது கேள்வி கேட்கக் கூடியவன்.

மலையக வாழ்வைத் திரைக்குக் கொண்டுவர முயன்றோர் முன்னரும் இருந்தனர். 1963-இல் கிருஷ்ணகுமார் ஆக்கிய 'தோட்டக்காரி', இந்நாட்டுத் தமிழ்த் திரையின் தொடக்க காலப் படங்களுள் ஒன்று. பெயரே பொருளைச் சொல்லும். ஆனால் அந்த வழி நீளவில்லை. தென்னிந்தியப் படங்களின் பெருவெள்ளத்திலே உள்ளூர் ஓடம் நிற்க முடியவில்லை. எழுத்திலோ நாம் வறியவரல்லோம். சி. வி. வேலுப்பிள்ளை எழுதினார், கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை' தந்தார், என். எஸ். எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' தந்தார். தெளிவத்தை ஜோசப் தந்தார். கதை இல்லாமையால் படம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

சொல்லப்படாத கதைகளுள் பெரியதொன்றைக் குறிப்பிடுவோம். 1948-இன் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கிற்று. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974-இல் சமபங்காகப் பிரித்தனர். ஓருவரைக்கூட, 'உனக்கு எங்கே விருப்பம்' என்று கேட்டுச் செய்த ஒப்பந்தமன்று அது. அக்காள் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். உலகில் எந்தத் திரைக்கதை எழுத்தாளனும் இதைவிடப் பொருத்தமான தலைப்பைக் கண்டுபிடித்துவிட மாட்டான். ஆனால் அந்தக் கோச்சி இன்னும் எந்தத் திரையிலும் நம் கண் காண ஓடவில்லை. சுற்றுலா விளம்பரங்களிலே நீலநிறப் புகைவண்டி தேயிலைக்கு நடுவே நாள்தோறும் ஓடுகின்றது. வாயிலிலே தொங்கிக்கொண்டு வெளிநாட்டார் சிரிக்கின்றனர். பாதை ஒன்றே, பயணம் வேறு.

மலையகத்தார் வந்து 200 ஆண்டு ஆனதை நினைந்து, 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தனர். முன்னோர் நடந்த வழியை மறுபடி நடந்து பார்த்த அந்த நடையிலே சிங்களத் தோழரும் முஸ்லிம் தோழரும் உடன் சென்றனர். அந்த நடையைப் போல ஒரு படம் வேண்டும் என்பது நமது விருப்பம். அதற்குக் கோடி ரூபாய் முதலிடும் செல்வர் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஒப்பாரிக் கோச்சி போன நாளை நேரிற் கண்ட முதியோர் லயங்களிலே இன்னும் இருக்கின்றனர். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் குறைந்து வருகின்றனர். பேரப்பிள்ளைகளின் கையிலே கமெரா இருக்கின்றது. இவ்விருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைப்பது ஆசிரியர்களால் ஆகக்கூடிய காரியம். நம் வகுப்பிலே இத்தவணை அதனைத் தொடங்கியிருக்கின்றோம். ஒவ்வொரு மாணாக்கரும் தம் வீட்டு முதியவர் ஒருவரைப் பத்து நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பேசியதை எழுத்தில் வடித்தல் வேண்டும். சிங்களம் நன்கு அறிந்த மாணாக்கர் அதன் சுருக்கத்தைச் சிங்களத்தில் எழுதுதல் வேண்டும். அண்டைக் கிராமத்துப் பிள்ளைகளும் அதனைக் காணவேண்டும் என்பதற்காகவே இந்த மூன்றாம் விதி.

இதுவரை பதினொரு பதிவுகள் வந்துள்ளன. ஒலி தெளிவில்லை; படம் ஆடுகின்றது; இடையிலே கோழி கூவுகின்றது. ஆனால் அவற்றில் பேசுகின்றவள் கொழுந்து பறித்தவள். பிற பாடசாலைகளில் உள்ள ஆசிரிய நண்பர்கள் தத்தம் தோட்டங்களிலும் இதனைத் தொடங்குவார்களாயின், நல்ல படம் எடுக்க வருகின்ற நாளைய கலைஞனுக்கு அது கருவூலமாகும். அக்கலைஞன் அந்தப் பிள்ளைகளுள் ஒருவனாகவோ ஒருத்தியாகவோ இருத்தலும் கூடும்.